விசுவாசி பாவியா, பரிசுத்தவானா? எங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

கட்டபெட்டு பையன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

எங்க அப்பா 1970களில் சின்னப் பையனா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினவர். மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி, அப்புறம் வாழ்க்கை முழுக்கத் தேயிலைதான். குடியும் கூடவே வந்துச்சு. நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் சம்பள நாள் ராத்திரின்னா நானும் தங்கச்சியும் பக்கத்து லயத்துல போய்ப் படுத்துக்குவோம். 11 வருஷத்துக்கு முன்னாடி ஒரு உபவாசக் கூட்டத்துல ஒப்புக்கொடுத்தார், ஞானஸ்நானம் எடுத்தார். அன்னையிலிருந்து ஒரு சொட்டு தொடல. சபையில சாட்சி சொல்லணும்னா முதல்ல அவரத்தான் கூப்பிடுவாங்க.

போன மாசம் பெரியப்பா தவறிட்டார். கூடப் பிறந்தவங்கள்ல அவர் ஒருத்தர்தான் மிச்சம் இருந்தார். எழவு வீட்டு ராத்திரியில அப்பா குடிச்சிட்டார். காலையில நான்தான் போய்த் தூக்கிட்டு வந்தேன்.

சபைக்கு விஷயம் போச்சு. மூணு மாசம் இராப்போஜனத்துல, அதாவது அப்பமும் ரசமும் வாங்குற பந்தியில, சேரக்கூடாதுன்னு சொன்னாங்க. அது எனக்குப் புரியுது. ஆனா மூத்தவர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும், "இவர் இரட்சிக்கப்பட்டதே இல்ல. புதுச்சிருஷ்டியா இருந்தா பழைய தாகம் எப்படி வரும்?"னு கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து ஜெபம் பண்றதையே விட்டுட்டார். "11 வருஷமா வேஷம் போட்டிருக்கேன் போலடா"ன்னு என்கிட்டயே சொல்றார்.

விசுவாசி தன்னைப் பாவின்னு சொல்லணுமா, பரிசுத்தவான்னு சொல்லணுமா? பழைய தாகம் வந்தா அந்த 11 வருஷமும் பொய்யா?

கூடலூர் பிரதர்

ஸ்தோத்திரம் தம்பி. அப்பாவுக்காக ஜெபிக்கிறேன். ஆனா வசனத்தை மறைக்க முடியாது. 1 யோவான் 3:9: "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்." நாங்க சபையில "நான் பாவி"ன்னு சொல்ல விடுறதில்ல. வாயின் அறிக்கை முக்கியம். பாவின்னு சொல்லிக்கிட்டே இருக்கிறவன் பாவியாவே நடப்பான். "நான் கிறிஸ்துவுக்குள் நீதிமான்"னு தினமும் காலையில அறிக்கை பண்ணச் சொல்லுங்க. அந்த மூத்தவர் சொன்ன விதம் தப்பு, ஒத்துக்கிறேன். விஷயம் தப்பில்ல.

கேத்தி வாத்தியார்

கூடலூர் சகோதரரே, 3:9ஐ எடுத்தீர்கள். அதே கடிதத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் 1:8 இருக்கிறது: "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்." ஒரே ஆள், ஒரே கடிதம், ஒரே சபை. ஆகவே 3:9இல் அவர் சொல்வது ஒரு தடவை தடுக்கி விழுந்ததைப் பற்றியதாக இருக்க முடியாது. கிரேக்கத்தில் அங்கே உள்ள வினை தொடர்ந்து செய்துகொண்டிருப்பதைக் குறிக்கும் காலத்தில் நிற்கிறது. பாவத்திலேயே குடித்தனம் நடத்துவதைத்தான் சொல்கிறார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நான் எடுத்துக் காட்டுவது யோவானை அல்ல, கொரிந்து சபையை.

அந்தச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய முதல் கடிதம் 6ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் போடுகிறார். திருடர், பொருளாசைக்காரர், வெறியர். வெறியர் என்றால் அந்தத் தமிழில் குடிகாரர். போட்டுவிட்டு, "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும் கழுவப்பட்டீர்கள்" என்கிறார். இருந்தீர்கள், இறந்தகாலம். இதை மட்டும் வாசித்தால் உங்கள் சபை மூத்தவர் சொன்னது சரி போலத் தோன்றும். ஐந்து அதிகாரம் தள்ளி 11:21க்கு வாருங்கள். அதே சபை, கர்த்தருடைய பந்திக்குக் கூடியிருக்கிறது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." எழவு வீட்டில்கூட அல்ல ஐயா, இராப்போஜனப் பந்தியிலேயே போதை! பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் "நீங்கள் கழுவப்பட்டதே இல்லை" என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் அவர்களைப் பரிசுத்தவான்கள் என்று அழைத்தாரே, அதைத் திரும்பப் பெறவும் இல்லை.

அந்தப் பெயர் அவர்கள் நடத்தைக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அல்ல. யாருடையவர்கள் என்பதைச் சொல்லும் பெயர். பரிசுத்தம் என்ற சொல்லுக்கே தேவனுக்கென்று பிரித்து வைத்தது என்றுதான் வேர்ப்பொருள். கோயில் பாத்திரம் கறை பட்டால் விளக்குவார்கள். கறை பட்டதனால் அது அடுப்படிச் சட்டி ஆகிவிடாது.

கூடலூர் பிரதர்

வாத்தியார் ஐயா, 11:30ஐயும் வாசிங்க. அதனாலதான் உங்கள்ல அநேகர் பலவீனரா, வியாதியா இருக்காங்கன்னு பவுல் சொல்றார். பாவத்துக்கு விலை இல்லன்னு தம்பி நினைச்சிடக் கூடாது.

கேத்தி வாத்தியார்

வாசித்தேன். இன்னும் இரண்டு வசனம் தள்ளி 11:32: "உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படாதபடிக்கு, கர்த்தராலே சிட்சிக்கப்படுகிறோம்." சிட்சை பிள்ளைக்குத்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பையனை நாம் கண்டிக்கப் போவதில்லை. ஆகையால் மூன்று மாத ஒழுங்கு நடவடிக்கையில் எனக்கு வழக்கு இல்லை. "இரட்சிக்கப்பட்டதே இல்லை" என்ற தீர்ப்பில்தான் வழக்கு.

ஊட்டி டாக்சி

நான் கிறிஸ்தவன் இல்ல, ஆனா இந்த இழையப் படிச்சிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம். எங்க பக்கம் செஞ்ச வினையை அனுபவிச்சே தீரணும்னு சொல்லி வளர்த்தாங்க. நீங்க சொல்றதப் பார்த்தா முதல்லயே பேர எழுதிக் கொடுத்துட்டாங்க, அப்புறம் என்ன பண்ணினாலும் பேரு போகாது. அப்ப இது லைசென்ஸ் மாதிரி ஆயிடாதா? சவாரி வர்ற சில பேரு ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லவனா இருக்கிறத நான் பார்த்திருக்கேன்.

கேத்தி வாத்தியார்

நல்ல கேள்வி. பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். ரோமர் 6 தொடங்குவதே அதில்தான்: கிருபை பெருகட்டும் என்று பாவத்திலே நிலைத்திருக்கலாமா? கூடாது என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். "செய்தால் பெயர் போய்விடும்" என்று மிரட்டவில்லை. "நீங்கள் அதற்குச் செத்துவிட்டீர்கள், பிறகு எப்படி அதில் பிழைப்பீர்கள்?" என்கிறார். ரோமரில் பாவம் பெரும்பாலும் ஒருமையில் வரும். தனித்தனிக் குற்றங்களின் கணக்காக அல்ல, ஆளுகிற ஓர் எஜமானாக. அந்த எஜமானிடமிருந்து ஆள் மாறிப் போயாயிற்று என்பதுதான் அவர் வாதம். பழைய எஜமான் தெருவில் கண்டால் இன்னும் அதட்டுவான். பழக்கத்தில் நம் கையும் கும்பிடப் போகும். ஆனால் அவனுக்கு அதிகாரம் இல்லை.

லைசென்ஸாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் இந்தத் தம்பியின் அப்பா லைசென்ஸ் எடுத்தவர் மாதிரியா தெரிகிறார்? ஒரு ராத்திரிக்கு ஒரு மாதமாக உடைந்து கிடக்கிறார்.

செண்பகனூர் ஜெபமாலை

கொடைக்கானலிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குரல். நாங்க ஒவ்வொரு திருப்பலியிலயும் மார்புல தட்டி "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே"ன்னு சொல்றோம். சொல்லிட்டு அரை மணி நேரத்துல நற்கருணை வாங்கப் போறோம். ரெண்டுக்கும் முரண் இருக்கிறதா எங்களுக்குத் தோணினதே இல்ல.

எங்க போதனைப்படி திருமுழுக்குல பிறப்புநிலைப் பாவம் முழுசா நீங்குது. ஆனா பாவத்தை நோக்கிய சாய்வு மிச்சம் இருக்கும். 1546ல எங்க ஆயர்கள் கூடின திரெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவா சொல்லிச்சு: அந்தச் சாய்வு உள்ளுக்குள்ள போராட விடப்பட்டிருக்கு, சம்மதிக்காதவனுக்கு அதுவே பாவம் ஆகாது. அதனால தம்பி, அப்பாவுக்குத் தாகம் வந்தது பாவம் இல்ல. குடிச்சது தப்பு. அந்த மூத்தவர் ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிட்டார். எங்க சாமியார்கிட்ட போயிருந்தா, பாவத்தத் தனியாச் சொல்லி மன்னிப்பு வாங்குற ஒப்புரவு அருட்சாதனம் செஞ்சு, ஒரு பரிகாரம் சொல்லி அனுப்பியிருப்பார். விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்கும், ஊருக்கே தெரிஞ்சிருக்காது.

கேத்தி வாத்தியார்

கடைசி வரியில் எங்களைக் குத்திவிட்டீர்கள், வாங்கிக்கொள்கிறேன்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இந்த இடத்தில் உங்களோடு சண்டை போட்டார். அந்தச் சாய்வே பாவம்தான் என்றார். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்பது அவருடைய சொல். அதாவது பாதி அது, பாதி இது என்றல்ல. கிறிஸ்துவின் பக்கம் பார்த்தால் முழு நீதிமான், தன் பக்கம் பார்த்தால் முழு பாவி. மெதடிஸ்டுகளின் முன்னோடி வெஸ்லி வந்து, அதற்காக வளர்ச்சியே இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அன்பிலே பூரணப்படலாம் என்றார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். சாய்வைப் பற்றிய வித்தியாசம் அதிலும் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்காக ஒருவரையொருவர் சபிக்கத் தேவையில்லை என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள்.

கூடலூர் பிரதர்

ரோமர் 7ல "நிர்ப்பந்தமான மனுஷன் நான்"னு பவுல் சொல்றது இரட்சிப்புக்கு முந்தின நிலைமைன்னு எங்க போதகர் சொல்வார். விசுவாசி 7ஆம் அதிகாரத்துல குடியிருக்கக் கூடாது, 8ஆம் அதிகாரத்துக்கு வந்துடணும்.

கேத்தி வாத்தியார்

ஆதித் திருச்சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்தீனுக்கே அதில் ஒரு மனம் இருந்ததில்லை. முதலில் உங்கள் போதகர் மாதிரிதான் எழுதினார், பிற்காலத்தில் அது விசுவாசியின் குரல்தான் என்று மாற்றிக்கொண்டார். நாம் இங்கே தீர்க்க முடியாது. ஆனால் "பாவிகளில் பிரதான பாவி நான்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, இருந்தேன் என்று சொல்லவில்லை, நிகழ்காலத்தில் சொல்கிறார். அதையும் உங்கள் சபையில் சொல்ல விடமாட்டீர்களா?

கூடலூர் பிரதர்

அத யோசிக்கணும். அப்ப இரட்சிப்பை இழந்து போறதே கிடையாதா? மறுதலிச்சுப் போனவங்களத் திரும்பப் புதுப்பிக்கிறது கூடாத காரியம்னு சொல்ற எபிரெயர் 6 என்ன ஆச்சு?

நெறியாளர்

இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, மாதக்கணக்கில் ஓடுகிறது. அந்தச் சண்டையைத் தயவுசெய்து அங்கே வைத்துக்கொள்ளவும். இங்கே ஒருவர் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

சோலைக்காடு

நான் புல்வெளி மீட்கிற வேலையில கூலிக்குப் போனவன். அவலாஞ்சி பக்கம், அப்புறம் கொடைக்கானல் மேல்மலை. போதனை எனக்கு அவ்வளவா தெரியாது. சீகை மரம் தெரியும், வாட்டில்னு சொல்வாங்களே, அது.

வெள்ளைக்காரன் காலத்துல கொண்டுவந்து வச்சது. அப்புறம் தோல் பதனிடப் பட்டை வேணும்னு மலை மலையா நட்டாங்க. புல்வெளியே காணாம போச்சு. இப்ப வெட்டுறோம். வெட்டின இடத்தப் போய்ப் பார்த்தா ஒரு மழைக்கு ஆயிரக்கணக்குல குருத்து வரும். விதை மண்ணுக்குள்ள பல வருஷம் சாகாமக் கிடக்கும். எரிச்சிடலாம்னு தீ வச்சா இன்னும் மோசம், சூடு பட்டா விதை ஓடு வெடிச்சு மொத்தமா முளைக்கும். வருஷா வருஷம் கையால பிடுங்கணும். புல்லு திரும்ப மூடிச்சுன்னா அப்புறம் குறையும்.

உங்க அப்பா ஒரே கூட்டத்துல எரிச்சுட்டேன்னு நினைச்சிருப்பார். குருத்து வந்ததும் இது புல்வெளியே இல்ல, சீகைக் காடுதான்னு யாரோ சொல்லிட்டாங்க. அந்த இடம் புல்வெளின்னு முடிவு பண்ணினதாலதான் நாங்க பிடுங்கவே போறோம்.

செண்பகனூர் ஜெபமாலை

அண்ணே, மேல்மலை ஆளா! உங்க உவமையில எனக்குப் பிடிச்சது, சீகை இந்த மண்ணோடது இல்லங்கிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்துல தேவன் உண்டாக்கினது எல்லாம் மிகவும் நன்றாயிருந்ததுன்னுதான் வருது. பாவம் மனுஷனோட சொந்த மரம் இல்ல.

கேத்தி வாத்தியார்

உவமை அங்கே கொஞ்சம் நொண்டும். பிறக்கும்போதே மண்ணுக்குள் விதை இருக்கிறது என்பதல்லவா பிறவிப் பாவம்? ஆனால் தீ வைத்தால் அதிகம் முளைக்கும் என்பதை இனி நான் மறக்க மாட்டேன்.

ஒரசோலை மாதி

படகக் கிறிஸ்தவக் குடும்பம் நான். 1846ல பாசல் மிஷன் கேத்திக்கு வந்த கதை வாத்தியாருக்கு என்னைவிட நல்லாத் தெரியும், அதனால அத விட்டுடறேன். எழவு வீடுன்னு படிச்சதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

எங்க ஜனங்க பழைய வழக்கத்துல சாவுச் சடங்குல பாவம் சொல்றது ஒண்ணு இருக்கு, கரு ஹரசோதுன்னு சொல்வோம். ஒரு பெரியவர் நின்னு, இறந்தவர் செஞ்சிருக்கக்கூடிய பாவங்கள வரிசையாச் சொல்வார். எல்லைக் கல்ல நகர்த்தினது மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் கூடியிருக்கிறவங்க "அது பாவம்"னு திருப்பிச் சொல்வாங்க. 1300 பாவம் செஞ்சிருந்தாலும் எல்லாம் நீங்கட்டும்னு வரும். அந்தக் காலத்துல ஒரு கன்னுக்குட்டி மேல அதையெல்லாம் ஏத்தி விரட்டி விடுவாங்களாம். லேவியராகமம் 16ல ஜனங்களோட பாவத்த ஏத்தி வனாந்தரத்துக்கு விரட்டி விடுற போக்காடு மாதிரியே இருக்குன்னு மிஷனரிமாரே ஆச்சரியப்பட்டிருக்காங்க.

போதனை வேற வேறதான், ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஆனா அங்க ஊரே நின்னு ஒரு மனுஷன் மேல இருக்கிறத இறக்கி விடுது. தம்பி சொன்ன சபையில ஊரே நின்னு ஒரு மனுஷன் மேல ஏத்தி விட்டிருக்கு. நம்ம பாவத்தச் சுமந்த ஆட்டுக்குட்டியானவர் இயேசுவ நம்புற ஜனங்க நாம. எனக்கு வெட்கமா இருந்துச்சு.

சேரம்பாடி அக்கா

தம்பி, நானும் தாயகம் திரும்பின குடும்பம்தான். உங்க அப்பாவுக்குப் புரியுற பாஷையில ஒண்ணு சொல்றேன்.

1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க. இலங்கையில நாடற்றவங்கன்னு இருந்த 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு பேச்சு. எங்க அம்மாவும் அதுல ஒருத்தி. கப்பல்ல ஏறும்போதே இந்தியப் பாஸ்போர்ட் கையில. இந்தியாவப் பத்தி ஒண்ணுமே தெரியாது. இங்க வந்து 20 வருஷம் ஆகியும் சிலோன்காரின்னுதான் கூப்பிட்டாங்க. பேச்சு மாறல, ரொட்டியும் சம்பலும் மாறல, கனவுல வர்ற தோட்டமும் மாறல. ஆனா ஓட்டுச்சாவடியில ஒருத்தன் "நீ இந்த நாடே இல்ல"ன்னு சொன்னப்ப அம்மா பெட்டியத் திறந்து காகிதத்த எடுத்துக் காட்டினாங்க. பேச்ச மாத்திக்கிட்டு வந்து காட்டல. காகிதத்தத்தான் காட்டினாங்க.

பிலிப்பியர் 3:20ல "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது"ன்னு இருக்கே, அங்க மூலத்துல இருக்கிற சொல்லு குடியுரிமைன்னு ஒரு ஆயர் விளக்கினார். அன்னைக்கு நான் ஆராதனையில அழுதுட்டேன். உங்க அப்பா ஒரு ராத்திரி பழைய நாட்டுப் பாஷை பேசிட்டார். அதுக்காகக் கப்பல்ல திருப்பி அனுப்ப முடியாது. அந்தக் கப்பலே இப்ப ஓடுறதில்ல.

குன்னூர் மெக்கானிக்

எல்லாரும் வசனமா பேசறீங்க. நான் 14 வருஷமா குடிக்காத குடிகாரன். ஆமா, அப்படித்தான் சொல்லுவேன். குடிநோயாளிகள் கூட்டத்துல எழுந்து பேரச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி"ன்னுதான் ஆரம்பிப்போம். சபையில என்னையும் அப்படிச் சொல்லாதேன்னாங்க. நான் ரெண்டு இடத்துலயும் ரெண்டு விதமாச் சொல்றேன், ரெண்டும் உண்மை. நான் என்னவா இருந்தா செத்துடுவேங்கிறது அங்க. நான் யாருடைய பிள்ளைங்கிறது இங்க. முதல்லத மறந்தேன்னா மறுபடி கிளாஸக் கையில எடுப்பேன். ரெண்டாவத மறந்தேன்னா எடுத்த கிளாஸக் கீழ வைக்க மாட்டேன்.

தம்பி, ஒரு தடவை சறுக்கினவனுக்கு ஆபத்து அந்த ராத்திரி இல்ல. "எல்லாம் போச்சு, இனி என்ன"ன்னு தோணுற அடுத்த வாரம். அப்பாவத் தனியா விடாதீங்க. மறுபடி தொட ஆரம்பிச்சார்னா வெட்கப்படாம டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. தினமும் குடிக்கிற நிலைமைக்குப் போனவங்க திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும், நான் கண்ணால பார்த்திருக்கேன்.

கூடலூர் பிரதர்

மெக்கானிக் அண்ணே, கேட்கிறேன். அறிக்கைங்கிற ஒரே வார்த்தைய நாங்க "நான் நீதிமான்"னு சொல்றதுக்கு வச்சிருக்கோம். 1 யோவான் 1:9ல "பாவங்களை நாம் அறிக்கையிட்டால்"னு அதே வார்த்தைதான் இருக்கு. இத்தனை வருஷத்துல ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்ததில்ல.

கட்டபெட்டு பையன்

எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா பதில் போடல, காரணம் இருக்கு.

வாத்தியார் ஐயா சொன்ன 1 கொரிந்தியர் 11:21ஐ அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். முதல்ல நம்பல. கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தானே எழுத்துக்கூட்டிப் படிச்சார். "பந்தியிலேயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் சேரம்பாடி அக்கா எழுதினதப் படிச்சேன். ஒண்ணும் பேசல. உள்ள போய்த் தகரப் பெட்டியத் திறந்து தாத்தாவோட குடும்ப அட்டையத் தேடி எடுத்துட்டு வந்தார். நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. அதுல அவர் பேரு தப்பா எழுதியிருக்கு. "பேரு தப்பு, ஆனா செல்லுபடியாச்சு"ன்னார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "பாவம், மனுசன ஒரு மாசமா வதைச்சுட்டாங்க"ன்னாங்க. தமிழ்ல பாவம்னா ரெண்டு அர்த்தம் இருக்கிறதே எனக்கு அப்பதான் உறைச்சுது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா என்னை ஒண்ணு கேட்டார். "அந்தக் கொரிந்து ஆளுங்க அப்புறம் திருந்தினாங்களா?" எனக்குத் தெரியல. ஐயா, என்ன சொல்லட்டும்?

கேத்தி வாத்தியார்

உள்ளதைச் சொல்லுங்கள். முழுதாகத் திருந்தினார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டாம் கடிதம் 12ஆம் அதிகாரத்தில், இன்னும் சிலர் மனந்திரும்பாமல் இருப்பார்களோ என்று பவுல் பயப்படுகிறார். ஆனால் இரண்டாவது கடிதம் என்று ஒன்று வந்ததே, அதைச் சொல்லுங்கள். "தேவனுடைய சபைக்கும்", "எல்லாப் பரிசுத்தவான்களுக்கும்" என்றுதான் அதிலும் விலாசம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் சபை மூத்தவர் எடுத்துச் சொன்னாரே, புதுச்சிருஷ்டி வசனம், அது எங்கே இருக்கிறது? 2 கொரிந்தியர் 5:17. பந்தியில் குடித்த அதே ஊர்ச் சபைக்குத்தான் பவுல் அதை எழுதினார். செண்பகனூர்க்காரர் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பில் "பழையன கழிந்து புதியன புகுந்தன அன்றோ" என்று வரும். தமிழ் வாத்தியாருக்கு நன்னூல் நூற்பா காதில் விழாமல் இருக்காது.

கட்டபெட்டு பையன்

அதே சபைக்கா? இது எனக்கும் தெரியாது ஐயா.

இப்ப கரண்ட் இல்ல, மழை. அப்பா தூங்கிட்டார். காலையில முதல் வேலையா வாசிச்சுக் காட்டறேன்.